விரலை நம்பியவர்கள்

பேச்சு போன பிறகு நான் முதன்முதலாகச் சொன்னது ஒரு கெட்ட வார்த்தை. கண்ணால் சொன்னேன். அது என்ன வார்த்தை என்று இங்கே எழுதப்போவதில்லை. தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் படகுகள் கரைக்கு வருகிற நேரத்தில் போய் நின்றால் யார் வாயிலிருந்தாவது வந்து விழும். திரையில் இருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்துச் சேர்த்து, கடைசியில் ‘பேசு’ என்ற பொத்தானையும் பார்த்து முடித்தேன். கம்ப்யூட்டர் பேசவில்லை. ‘இந்தச் சொல்லை ஒலிக்க இயலாது’ என்று ஒரு மஞ்சள் பட்டை வந்து நின்றது.

கட்டிலைச் சுற்றி ஒரு கூட்டமே இருந்தது. சிலர் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ‘நன்றி’ என்றோ, மகள் பெயரையோ நான் சொல்வேன் என்று எல்லோரும் கண்ணீரைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றார்கள். மெஷினைக் கொண்டுவந்த ஸ்பீச் தெரபிஸ்ட் நாகர்கோவில் பக்கத்துப் பெண். அவள் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், முகம் சிவந்துபோனாள்.

“என்ன சொல்லுதா?” என்று கேட்டாள் மதினி. மதினி என்றால் என் வீட்டுக்காரருடைய அக்கா.

“ஒண்ணும் இல்லங்க. பழகலல்லா, ஏதோ தப்பா டைப் ஆயிருச்சு.”

தப்பாக டைப் ஆகவில்லை. ஒரு எழுத்துகூடத் தப்பவில்லை. யாரைப் பார்த்துச் சொல்ல நினைத்தேனோ அந்த மனுஷிதான் கேட்டுக்கொண்டு நின்றாள். வீட்டுக்காரர் மட்டும் குனிந்து திரையைப் படித்தார். படித்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

இதையெல்லாம் இப்போது அதே கண்ணால்தான் எழுதுகிறேன். ஒரு பக்கம் எழுத ஒரு பொழுது ஆகிறது. மெதுவாக எழுதுவதால் கோபம் ஆறிவிடும் என்று யாராவது நினைத்தால், அது நடக்கவில்லை.

மீன்பிடித் துறைமுகம் போகிற வழியில் கயிறும் வலையும் விற்கிற கடை என்னுடையது. அப்பா உடன்குடிப் பக்கத்துப் பனங்காட்டிலிருந்து வந்து தொடங்கிய கடை. நான் ஒரே பிள்ளை, அதனால் அவருக்குப் பிறகு நான் உட்கார்ந்தேன். நைலான் கயிறு, மிதவை, ஈயக்குண்டு, தூண்டில் முள், மழைக்கோட்டு, டார்ச் லைட்டு எல்லாம் இருக்கும். அந்தத் தெருவில் ஒரு பொம்பளை கடை நடத்த வேண்டுமென்றால் தொண்டை வேண்டும். எனக்கு இருந்தது. எதிர்ச் சாரியில் வழியை மறித்து நிற்கிற லோடு ஆட்டோவைக் கல்லாவில் உட்கார்ந்தபடியே “ஏலே, வண்டிய எடுலே!” என்று ஒரே சத்தத்தில் நகர்த்துவேன். கயிற்றை இழுத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிற படகுக்காரர்களிடம் சண்டை போடுவேன். அவர்களும் போடுவார்கள். மறுநாள் அவர்களேதான் வந்து வாங்குவார்கள்.

வீட்டுக்காரர் சாகுபுரத்தில் ஃபேக்டரி ஆபீசில் வேலை. காலையில் பஸ் ஏறிப் போவார், சாயந்திரம் வருவார். அதிர்ந்து பேசாத மனுஷன். வீட்டில் ரெண்டு பேருக்கும் சேர்த்து நானே பேசிக்கொண்டிருந்தேன். அவருக்கும் அது சௌகரியமாக இருந்தது என்றுதான் நினைத்தேன்.

ஒரு காலை நேரம், மணப்பாட்டுக்காரர் ஒருவருக்குக் கயிறு அளந்துகொண்டிருந்தேன். கை நின்றது. கயிறு விரலிலிருந்து நழுவுவது தெரிந்தது, பிடிக்க முடியவில்லை. “யக்கா, யக்கா!” என்று அவர் கத்தினது கேட்டது. அப்புறம் ஆஸ்பத்திரி. மூளைக்குக் கீழே தண்டு மாதிரி இருக்கிற இடத்தில் ரத்தம் அடைத்துவிட்டது என்றார்கள். கை போச்சு, கால் போச்சு, நாக்குப் போச்சு. கண் இருந்தது. காது இருந்தது. உள்ளே நான் முழுசாக இருந்தேன்.

டாக்டர் வீட்டாரைக் கூப்பிட்டுத் தெளிவாகச் சொன்னார். “அவங்களுக்கு எல்லாம் புரியும். ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தா ஆமா. ரெண்டு தடவைன்னா இல்ல. அப்படிக் கேட்டுப் பழகுங்க.”

ஒரு வாரம் பழகினார்கள். அதற்குப் பிறகு என்னிடம் கேட்பதை விட்டுவிட்டு, என்னைப் பற்றி ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள்.

மதினி எங்கள் வீட்டோடு வந்து தங்கினாள். அவள் செய்ததை நான் மறைக்க மாட்டேன். மூக்குக் குழாயில் கஞ்சி ஊற்றினாள். மலம் அள்ளினாள். முதுகு புண்ணாகாமல் நேரத்துக்கு நேரம் புரட்டிப் போட்டாள். என் உடம்பு இன்றைக்கு அழுகாமல் இருப்பது அவள் கைபட்டதால்தான். அதனாலேயே வீட்டில் அவளை எதிர்த்து ஒரு வார்த்தை கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்கிறவள்தான் உடம்புக்குள் இருக்கிறவளையும் அறிந்தவள் என்று ஆகிப்போனது.

“ஃபேன் கூட்டி வைக்கட்டுமா?” என்பாள். நான் ரெண்டு தடவை மூடித் திறப்பேன். “கண்ணுல தூசி விழுந்திருச்சு போல” என்று சொல்லிவிட்டு ஃபேனைக் கூட்டுவாள். பார்க்க வருகிறவர்கள் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, என் முகத்துக்கு நேரே, “இப்பிடிக் கெடந்து சீரழியதுக்கு அன்னைக்கே போயிருந்தா புண்ணியமாப் போயிருக்கும்” என்பார்கள். சொல்லிவிட்டு எனக்கு வாங்கி வந்த ஆரஞ்சை அவர்களே உரித்துத் தின்பார்கள். நான் பார்த்துக்கொண்டு கிடப்பேன். பார்ப்பது என்ற ஒன்றுதான் எனக்கு மிச்சமிருந்தது. அப்படி நான் பார்த்ததை ஒருத்தர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்புறம் ஒருநாள் லேப்டாப்போடு, பதிவு செய்து கொடுக்கிற ஆள் ஒருத்தன் வந்தான். கூடவே சோப்புக் கட்டி அளவில், சிவப்பு வெளிச்சம் எரிகிற கைரேகை மெஷின். மதினியின் மகன் குவைத்திலிருந்து வேலை போய்த் திரும்பி வந்திருந்தான். முப்பது வயதை நெருங்குகிறவன். என் கடை இருக்கிற இடத்தில் செல்போன் கடை வைப்பதாக அவர்களுக்குள் பேசி முடித்திருந்தார்கள். கடையின் பதிவை அவன் பெயருக்கு மாற்ற என் ரேகை வேண்டும்.

மதினி என் முகத்துக்கு மேலே குனிந்தாள். “ஏளா, கடைய இப்பிடிப் பூட்டிப் போட்டு என்ன செய்ய? நம்ம பயதான எடுத்து நடத்துதான். சரிதான?”

நான் ரெண்டு தடவை கண்ணை மூடித் திறந்தேன். அவசரத்தில் சரியாகத் தெரிந்திருக்காது என்று, கொஞ்சம் நிறுத்தி, மறுபடியும் ரெண்டு தடவை.

“பாத்தியளா!” என்றாள் மதினி, நிமிர்ந்து. “ஒரு தடவைக்கு நாலு தடவ சரிங்கா.”

லேப்டாப்காரன் மெஷினைக் கட்டில் ஓரத்தில் வைத்தான். என் வலது கையைத் தூக்கியது வீட்டுக்காரர். என் கட்டைவிரலைப் பிடித்து அந்தச் சிவப்பு வெளிச்சத்தின் மேல் வைத்தார். மெஷின் ஏற்கவில்லை. கயிறு பிடித்தே ரேகை தேய்ந்த விரல், அதோடு இத்தனை நாள் அசையாமல் கிடந்து தோலும் காய்ந்திருந்தது. ஈரத்துணியால் துடைத்தார்கள். மறுபடி வைத்தார். “நல்லா அழுத்திப் பிடிங்க சார்” என்றான் அவன். அவர் அழுத்தினார். பச்சை வெளிச்சம் எரிந்தது. “ஓகே சார், மேடம் சம்மதம் ஏறிருச்சு” என்றான்.

நான் வீட்டுக்காரர் முகத்தையே பார்த்தேன். அவர் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் என் கட்டில் பக்கத்திலேயே பேசப்பட்டது. கயிற்றுச் சரக்கை மொத்தமாக இன்னொரு கடைக்காரர் எடுத்துக்கொண்டார். வலைகளை யாரோ தூக்கிப் போனார்கள். மர அலமாரி உடைத்து எடுக்கப்பட்டது. கண்ணாடி வந்தது, கலர் விளக்கு வந்தது. திறப்பு விழா கேசரியை என் நாக்கில் ஒரு பொட்டு தடவினாள் மதினி. அதைத் துப்பக்கூட எனக்கு முடியவில்லை.

என் மகள் சென்னையில் வேலை பார்க்கிறாள். அம்மா சம்மதித்துத்தான் எல்லாம் நடந்தது என்று அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். அவள் ஊருக்கு வந்தபோது என் பக்கத்தில் உட்கார்ந்து, மற்றவர்கள் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, “அம்மா, நீ சம்மதிச்சியா?” என்று கேட்டாள். ரெண்டு தடவை மூடித் திறந்தேன். “தூசி இல்லியே?” என்றாள். ரெண்டு தடவை. அழுகையும் சிரிப்புமாக என் நெஞ்சில் தலையை வைத்தாள்.

அவள்தான் சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் விசாரித்து, கண்ணால் ஓட்டுகிற இந்தக் கம்ப்யூட்டரைக் கொஞ்ச காலத்துக்கு இரவலாக வாங்கி, தெரபிஸ்ட் மூலமாக வீட்டுக்கு வரச் செய்தாள். திரைக்குக் கீழே ஒரு கறுப்புப் பட்டை இருக்கும். அதற்குள் இருக்கிற கேமரா என் கருவிழி எங்கே பார்க்கிறது என்று கண்டுபிடிக்கும். முதலில் திரையில் புள்ளி புள்ளியாக ஓடும், அதன் பின்னாலேயே பார்வையை ஓட்ட வேண்டும். அப்படி என் கண்ணை அது படித்துக்கொண்டது. பிறகு எந்த எழுத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்க்கிறேனோ அது விழும். ‘க’வைப் பார்த்து, பிறகு கொக்கியைப் பார்த்தால் ‘கி’. எழுதி முடித்துப் ‘பேசு’வைப் பார்த்தால் கம்ப்யூட்டர் பேசும்.

பேசும் என்றால் எப்படி? டிவியில் செய்தி வாசிக்கிற பெண்ணின் குரல். ‘வாரான்’ என்று எழுதினால் அடியில் சிவப்புக் கோடு போட்டு ‘வருகிறான்’ என்று திருத்தும். ‘நா’ என்று தொடங்கினாலே ‘நான் நலமாக இருக்கிறேன்’ என்று மேலே வந்து நிற்கும். நோயாளிகளுக்கென்று முன்கூட்டியே செய்து வைத்த வார்த்தைகள் ஒரு பக்கம் முழுக்க, படத்தோடு இருந்தன. தண்ணீர், வலி, தலையணை, நன்றி, மன்னிக்கவும், கடவுள் துணை. ‘பொய்’ என்று ஒரு பொத்தான் இல்லை. ‘விடு’ என்று இல்லை. ‘என்னிடம் கேள்’ என்று இல்லை. கட்டிலில் கிடக்கிறவளுக்கு யாருக்காவது நன்றி சொல்வதைத் தவிர வேறு என்ன வேலை இருக்கப்போகிறது என்று யாரோ எங்கேயோ குளிர்ந்த அறையில் உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார்கள். அவர்களைக் கடைத் தெருவுக்குக் கூட்டிவந்து ஒரு நாள் நிறுத்தவேண்டும் என்று இருந்தது.

கெட்ட வார்த்தைக்கு நடுவில் ஒரு இடைவெளி விட்டால் மெஷின் ஏமாந்து பேசிவிடும் என்று மகள் கண்டுபிடித்தாள். செய்தி வாசிக்கிற குரலில் அதைக் கேட்டபோது ரெண்டு பேரும் சிரித்தோம். என் சிரிப்பு மூச்சில் மட்டும்தான் தெரியும். அவளுக்குத் தெரிந்தது.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். அழுதால் கண்ணீர் நிரம்பி மெஷினுக்குக் கருவிழி தெரியாமல் போய்விடும். எழுத்துகள் கண்டபடி ஓடும். அதனால் பேச வேண்டும் என்றால் அழக்கூடாது. கோபத்துக்கு அப்படி ஒரு தொந்தரவும் இல்லை. நான் கோபத்தை வைத்துக்கொண்டேன்.

மகள் இருந்த ஒரு மத்தியானம், வீட்டில் எல்லோரும் கூடியிருக்கும்போது சொன்னேன். “கடையை நான் கொடுக்கவில்லை. கண்ணை இரண்டு முறை மூடினேன். இரண்டு என்றால் இல்லை.”

மதினிதான் முதலில் பேசினாள்.

“இது அவ இல்ல. மெஷின் அதுவா சொல்லுது.”

“அத்தை, அம்மா எழுதுறத நீங்களே பாத்தீங்கல்லா?” என்றாள் மகள்.

“நானும் பாத்தேன். அவ ரெண்டு எழுத்து போடுதா, மீதிய அதுவே போடுது. ‘நா’ன்னு போட்டா நல்லா இருக்கேங்குது. இதுல அவ சொன்னது எது, கம்ப்யூட்டர் சொன்னது எதுன்னு நீ கண்டியா?”

அவள் மகனும் சேர்ந்துகொண்டான். “இப்ப கம்ப்யூட்டரே கதை, கட்டுரை எல்லாம் எழுதுது. நீ சென்னையில இருந்து என்னத்த ஏத்திக்கொண்டு வந்தியோ யாருக்குத் தெரியும்.”

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர், “இப்ப எதுக்கு அதெல்லாம். சாப்பிடுங்க, நேரமாச்சு” என்றார்.

என்னுடைய செத்த விரலை ஈரத்துணியால் துடைத்து, தூக்கி, அழுத்தி வைத்ததை ஒரு மெஷின் என் சம்மதம் என்று சொன்னது. அதை ஊரே ஒத்துக்கொண்டது. கடை கைமாறியது. உயிரோடு இருக்கிற என் கண்ணால், ஒவ்வொரு எழுத்தாக, கண் எரிய எரிய நானே சொன்னதை இன்னொரு மெஷின் சத்தம் போட்டுச் சொன்னது. அது மட்டும் பொய். இந்த அநியாயத்தை எழுதும்போது இப்போதும் என் பார்வை நடுங்கி எழுத்து மாறி விழுகிறது.

மகளுக்கு லீவு முடிந்தது. அவள் பஸ் ஏறிய மறுநாள் மதினி திரையின் மேல் ஒரு துண்டைப் போட்டாள். “நாள் முழுக்க அதையே பாத்தா கண்ணும் போயிரும்” என்றாள். வீட்டுக்காரர் வேலைக்குப் போகும்போது அந்தத் துண்டைப் பார்த்தார். எடுக்கவில்லை. முதல் தடவை பேச்சு போனபோது அது நோய், யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. இந்தத் தடவை அது ஒரு பூப்போட்ட துண்டு. அதை எடுக்க ஒரு கை போதும். அந்த வீட்டில் அசைகிற கைகள் எத்தனையோ இருந்தன.

தெரபிஸ்ட் அடுத்த முறை வந்தபோதுதான் அது விலகியது. துண்டைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. மதினியிடம், “உங்க வாயில துணி வச்சு அடைச்சா எப்பிடி இருக்கும்?” என்றாள். முதல் நாள் ‘தப்பா டைப் ஆயிருச்சு’ என்று சொன்ன அதே பெண். என் பக்கம் திரும்பி, “அன்னைக்கு நானும் மறைச்சேன். தப்புதான்” என்றாள். நான், “பரவாயில்லை. இப்போது ஒரு ஆளுக்குச் செய்தி அனுப்பவேண்டும்” என்றேன்.

கடைக் கட்டடம் காயல்பட்டினத்து அம்மா ஒருவருடையது. அவருடைய மாப்பிள்ளையும் பிள்ளைகளும் துபாயில். அந்த ஊரில் அக்காவை லாத்தா என்பார்கள். நானும் அவரை அப்படித்தான் கூப்பிடுவேன். மாசா மாசம் வாடகை வாங்க ஆட்டோவில் வந்து என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு மணி நேரம் ஊர்க்கதை பேசிவிட்டுப் போகிறவர். நான் விழுந்த பிறகு ஒரு தடவை வந்து பார்த்தார். அன்றைக்கு நான் மயக்க மருந்தில் கிடந்தேன். கடை கைமாறியது என் சம்மதத்தோடுதான் என்று அவருக்கும் சொல்லியிருந்தார்கள்.

தெரபிஸ்டின் போனிலிருந்து அவருக்குக் கம்ப்யூட்டர் குரலில் செய்தி அனுப்பினேன். “லாத்தா, நான் கயிற்றுக் கடைக்காரி பேசுகிறேன். கடையை என்னிடம் கேட்காமல் எடுத்துவிட்டார்கள். நேரில் வரவேண்டும்.”

பதில் உடனே வந்தது. “யாருடா நீங்க? அவளுக்குப் பேச்சே கெடையாது. பேங்க்ல இருந்து பேசுதேன்னு ஏமாத்துனது பத்தாதுன்னு இப்ப நோயாளி பேரையுமா சொல்லுதிய? நாசமாப் போவிய.” அதோடு அந்த நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

அன்றைக்கு முழுவதும் எனக்குக் கோபம். அவர்மேல் அல்ல. அவருக்கு வருகிற ஏமாற்று போன்கள் எல்லாம் அந்தச் செய்தி வாசிக்கிற குரலில்தான் வருகின்றன. எனக்கென்று கிடைத்த ஒரே குரல் திருடர்களுடைய குரலாக இருந்தது.

மகள் சனிக்கிழமை சென்னையிலிருந்து நேரே காயல்பட்டினத்துக்குப் போய், அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தாள். மதினிக்கு ஆத்திரம். அவள் மகனையும் வரச் சொல்லிவிட்டாள். வீட்டுக்காரரும் இருந்தார்.

லாத்தா என் தலைமாட்டுக்கு வந்து நெற்றியில் கை வைத்தார். மதினி பேச ஆரம்பித்தாள். “அவளுக்கு ஒண்ணும் வெளங்காது. இந்தப் புள்ளதான் வெளிய இருந்து டைப் பண்ணுதா.”

லாத்தா திரும்பி என் மகளைப் பார்த்தார். “நீ போயி வாசல்ல நில்லும்மா. போனையும் எங்கையில குடுத்துட்டுப் போ.” மகள் கொடுத்துவிட்டுப் போனாள்.

“அத்தையக் கேளுங்க” என்றான் மதினி மகன். “என் முழுப் பேரு என்ன? நான் பொறந்தது எந்த ஊரு? சரியாச் சொல்லட்டும், ஒத்துக்கிடுதேன்.”

இவன் பிறந்தபோது கயத்தாற்று ஆஸ்பத்திரியில் இவனைக் கையில் வாங்கியவள் நான். அதை எழுத எனக்குச் சில நிமிஷம் போதும். எழுதமாட்டேன் என்று முடிவு செய்தேன். வாய் இருக்கிற யாரிடமும் எவனும் இப்படிக் கேட்பதில்லை. நீதானா நீ, நிரூபி என்று எவனும் நிற்பதில்லை.

“நான் பரீட்சை எழுத மாட்டேன்” என்றேன்.

அவன் சிரித்தான். “பாத்தியளா, தெரியல.”

“செத்த நேரம் சும்மா இரு” என்றார் லாத்தா. நாற்காலியை இழுத்து, திரையும் என் முகமும் சேர்ந்து தெரிகிற மாதிரிப் போட்டு உட்கார்ந்தார். “ஒனக்கு என்ன வேணும்? நீ சொல்லு. நான் இருக்கேன்.”

நான் எழுத ஆரம்பித்தேன். மேற்கு ஜன்னலில் வெயில் இறங்குகிற நேரம். அந்த வெளிச்சத்தில் மெஷின் என் கண்ணை விட்டு விட்டுப் பிடித்தது. ஒரு வார்த்தை விழும், அடுத்தது பிசகும், அழிப்பேன், மறுபடி பார்ப்பேன். மதினி உச்சுக்கொட்டினாள். அவள் மகன் எழுந்து போனான், வந்தான். ஒரு வார்த்தை பாதியில் நின்றபோது வீட்டுக்காரர், “கடை வேணும்ங்கா போல” என்று முடித்து வைக்கப் பார்த்தார். லாத்தா கையைக் காட்டி நிறுத்தினார். “அவ முடிக்கட்டும்.” எங்கோ பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் சத்தம் கேட்டது. முக்காட்டைச் சரி செய்துகொண்டாரே தவிர, எழுந்திருக்கவில்லை. ஜன்னல் துணியை மட்டும் இழுத்துவிட்டார், எனக்கு வெயில் மறையட்டும் என்று. நான் விழுந்த நாளிலிருந்து, நான் ஒரு சொல்லை முடிக்கிற வரைக்கும் பேசாமல் காத்திருந்த முதல் ஆள் அவர்தான். மகள்கூட அவசரத்தில் முடித்துவிடுவாள்.

கடைசியில் கம்ப்யூட்டர் சொன்னது: “லாத்தா, கடை என்னது. செத்த பிறகு யாரும் எடுக்கட்டும். நான் சாகல.”

மெஷின் ‘என்னுடையது’, ‘சாகவில்லை’ என்று மாற்றப் பார்த்தது. நான் விடவில்லை.

லாத்தா திரையில் இருந்ததை இன்னொரு தடவை படித்தார். பிறகு வீட்டுக்காரரைப் பார்த்து, “ரேகை வச்சாங்கன்னு ஒங்க மக வழியில சொன்னா. அப்ப நீங்க எங்கன இருந்திய?” என்று கேட்டார்.

அவர் சுவரைப் பார்த்தார். மதினி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்கு முன்னால் அவர் சொன்னார். “நான்தான் கையப் புடிச்சேன்.”

“அவ வேணாம்னு சொன்னது தெரியுமா?”

“தெரியும்” என்றார். “ரெண்டு தடவ மூடுனா. நான் பாத்தேன்.”

எனக்கு அதுவரை ஒரு சந்தேகம் இருந்தது. பாவம், அவருக்குப் புரிந்திருக்காது, மதினி சொன்னதை நம்பியிருப்பார் என்று. அந்தச் சந்தேகத்தில்தான் இத்தனை நாள் அவரோடு ஒரே வீட்டில் கிடந்தேன். அது அன்றைக்குப் போனது.

“ஒங்க அம்மா இவ உடம்பப் பாத்துக்கிட்டாங்க. அதுக்குக் கூலி அல்லா குடுப்பான். என் கட்டடத்தக் குடுக்க முடியாது” என்றார் லாத்தா, மதினி மகனிடம். “நான் வாடகைக்கு விட்டது இவளுக்கு. ஒன் கண்ணாடியெல்லாம் எடுத்துரு.”

அவன் கத்தினான். ரேகை வைத்த பதிவு இருக்கிறது என்றான். கேஸ் போடுவேன் என்றான். கட்டடக்காரி சாவியைக் கேட்ட பிறகு பதிவை வைத்து ஒன்றும் செய்ய முடியாது என்று பிறகு அவனுக்கே தெரிந்திருக்கும். கண்ணாடியும் விளக்கும் எங்களூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வேறொரு கடைக்குப் போயின. அவன் அங்கே நன்றாகத்தான் நடத்துகிறான் என்று கேள்வி.

மதினி அன்று சாயந்திரமே பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வாசலில் நின்று, “ஏளா, ஒன் பீய அள்ளுனதுக்கு நல்ல மரியாதை செஞ்சிட்ட” என்றாள். நான் பதில் எழுதிக்கொண்டிருந்தேன். நீண்ட பதில் அது. ‘நீங்கள் செய்ததற்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன், அதற்காக என்னை’ என்பது வரைக்கும் வந்திருந்தேன். ஆட்டோ புறப்பட்ட சத்தம் கேட்டது. மீதியை எழுதி முடித்தேன். ஆளில்லாத அறையில் ‘பேசு’வைப் பார்த்தேன். அவள் இன்றுவரை வரவில்லை.

கடை திரும்பி வந்தது என்று சொன்னால் எல்லாம் நல்லபடியாக முடிந்தது போலத் தெரியும். திரும்பி வந்தது நாலு சுவரும் ஒரு ஷட்டரும். சரக்கு போனது போனதுதான். படகுக்காரர்கள் பாதிப் பேர் வேறு கடைக்குப் பழகிவிட்டார்கள். மகள் சென்னை வேலையை வீட்டிலிருந்து பார்க்கிற மாதிரி மாற்றிக்கொண்டு வந்து, காலை நேரத்தில் கடையில் உட்காருகிறாள். கல்லாவுக்கு மேலே ஒரு கேமராவும் ஸ்பீக்கரும் வைத்திருக்கிறோம். கட்டிலில் கிடந்தபடி நான் கடையைப் பார்க்கிறேன், பேசுகிறேன். மெஷினை இரவல் முடிந்ததும் திருப்பிக் கேட்டார்கள். மகள் தன் நகைகளை விற்று வேறு ஒன்று வாங்கினாள்.

கடைக்கு வருகிறவர்கள் ஸ்பீக்கரை நிமிர்ந்து பார்த்துத் திடுக்கிடுவார்கள். சிலர் என் மகளிடமே பேசுவார்கள், நான் இல்லாத மாதிரி. “இங்கன பாத்துப் பேசுங்க அண்ணாச்சி” என்பேன். செய்தி வாசிக்கிற குரலில் ‘இங்கன’ வரும்போது அவர்களுக்குச் சிரிப்பு வரும். சிரிக்கட்டும். சிரித்த பிறகு என்னிடம்தான் கேட்கவேண்டும்.

மதினி போன பிறகு என் உடம்பைப் பார்ப்பது வீட்டுக்காரர். சம்பளம் இல்லாத லீவு போட்டார், பிறகு வேலையையே விட்டார். அவருக்குக் கை வராது. புரட்டும்போது தோள் வலிக்கும்படி இழுப்பார். கஞ்சியைச் சூடாக ஊற்றுவார். முதுகில் புண் வந்தது, ஆறியது, மறுபடி வந்தது. நான் ஒவ்வொன்றையும் சொல்வேன். அவர் ஒவ்வொன்றையும் திருத்திக்கொள்வார். இதைப் பார்த்து, எவ்வளவு அன்பான மனுஷன் என்று வருகிறவர்கள் சொல்கிறார்கள். நான் அதற்கு ஆமாம் என்றும் சொல்வதில்லை, இல்லை என்றும் சொல்வதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மகள் கடைச் சரக்கு எடுக்க வெளியே போயிருந்தாள். அவர் என் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுத் துடைத்துவிட்டு, பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தார்.

“இன்னும் எம்மேல கோவமா?” என்று கேட்டார்.

ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தேன்.

“எங்கக்கா கோவிச்சுக்கிடுவாளேன்னு நெனச்சேன். நீ எந்திரிச்சு வரமாட்டன்னு நெனச்சேன். அவ்வளவுதான்.”

நான் திரையைப் பார்த்து எழுத ஆரம்பித்தேன். அவர் எட்டிப் படிக்கப் பார்த்தார், பிறகு வேண்டாம் என்று பின்னால் நகர்ந்தார். கம்ப்யூட்டர் பேசியது. “முப்பது வருசம் நான் பேசுனேன், நீங்க கேட்டீங்கன்னு நெனச்சேன். நீங்க சும்மா இருந்தீங்க. கேக்கல.”

அவர், “களைப்பா இருக்கும். அணைச்சிரட்டுமா?” என்று திரையைத் தொடப்போனார்.

“வேண்டாம். இன்னும் இருக்கு” என்றேன்.

அவர் கையை எடுத்துக்கொண்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “சரி, சொல்லு” என்றார். நான் அடுத்த எழுத்தைப் பார்த்தேன்.